வெட்டிய மூன்று பத்திகள்

"சார், இதை எடுத்துட்டா அவர் எப்படி ரிங்கை விட்டுப் போனார்ங்கிறதே கட்டுரையில இருக்காதே" என்று அந்த இளம் செய்தியாளர் கேட்டார். "தம்பி, இது அஞ்சலிப் பக்கம். கடைசித் தோல்விகளுக்கு இன்னொரு நாள் இருக்கு" என்று நான் சொன்னேன். 2016 ஜூன் 4, சனிக்கிழமை மாலை. குத்துச்சண்டை வீரர் முகமது அலி இறந்த செய்தி அன்று காலைதான் வந்திருந்தது; ஞாயிறு பதிப்புக்கான பக்கம் முடிய வேண்டிய நேரம். அந்த இன்னொரு நாள் எங்கள் பக்கத்தில் இதுவரை வரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ரோம் ஒலிம்பிக் தங்கமும், 1964-இல் சானி லிஸ்டனிடமிருந்து பறித்த உலக ஹெவிவெயிட் பட்டமும், வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்ததால் இழந்த மூன்றரை ஆண்டுகளும், கின்ஷாசாவிலும் மணிலாவிலும் நடந்த புகழ்பெற்ற போட்டிகளும் பக்கத்தில் இருந்தன. செய்தியாளரின் கட்டுரையிலிருந்து நான் வெட்டிய மூன்று பத்திகளும் 1977 முதல் நடந்தவற்றைச் சொன்னவை. எர்னி ஷேவர்ஸுடனான போட்டிக்குப் பிறகு அலியின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் பரிசோதனை முடிவைத் தாம் அலிக்கும் அவருக்கு நெருக்கமானவர்களுக்கும் அனுப்பியதாகவும், பதில் வராததால் விலகியதாகவும் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ பின்னாளில் சொன்னது முதல் பத்தி. ஓய்வை அறிவித்திருந்த அலி 38 வயதில் அன்றைய சாம்பியன் லாரி ஹோம்ஸை எதிர்க்கத் திரும்பியபோது, மேயோ மருத்துவமனையின் பரிசோதனை ஒற்றைக் காலில் தத்துவதில் ஒரு தடுமாற்றத்தையும், விரலால் மூக்கைத் தொடுகையில் குறி சற்றே தவறுவதையும் பதிவு செய்தது. ஆனாலும் போட்டி நடக்கவிருந்த நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் அவருக்கு மோத உரிமம் கொடுத்தது. இது இரண்டாவது பத்தி. மூன்றாவது, 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகஸில் நடந்தது. ஒரு காலத்தில் தனக்குப் பயிற்சித் துணையாக இருந்த ஹோம்ஸிடம் அலி ஒவ்வொரு சுற்றாக இழந்துகொண்டிருந்தார். பத்தாவது சுற்று முடிந்ததும், இன்னும் ஒரு சுற்று என்று உதவியாளர் பன்டினி பிரவுன் கெஞ்சியதை மீறி, பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். அலியின் வாழ்நாளில் பாதியில் நிறுத்தப்பட்ட தோல்வி இது ஒன்றே.

இடம் இல்லை என்பது உண்மை. அவர் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது எடுத்த படம் கிடைத்திருந்தது, எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலத்தில் அலியை நேரில் பார்த்தவர்கள் எங்கள் வாசகர்களில் பலர், அந்தப் படத்தைச் சிறிதாக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வருகையும் 1980-இல்தான், ஹோம்ஸ் போட்டிக்குச் சில மாதங்கள் முன்பு. படத்தை வைத்துவிட்டு அந்த மாதங்களை எடுத்தேன் என்று செய்தியாளர் நினைத்திருக்கக்கூடும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

என் தரப்பில் இன்னொரு காரணமும் இருந்தது, இன்றும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1984-இல் அவருக்குக் கண்டறியப்பட்ட பார்க்கின்சன் நோய் வாங்கிய குத்துகளால்தான் வந்தது என்று மருத்துவம் தீர்மானமாகச் சொல்லிவிடவில்லை. அந்த மூன்று பத்திகளைப் படிக்கும் எவரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள். செய்தியாளரோ ஒரு காரணத்தையும் எழுதியிருக்கவில்லை, நடந்தவற்றைத் தேதி வரிசையில் வைத்திருந்தார், அவ்வளவுதான். தேதி வரிசையைத் தவறு என்று எப்படிச் சொல்வது?

கணக்கைப் பார்த்தால் தயக்கம் கூடுகிறது. 61 போட்டிகளில் ஐந்தே தோல்விகள். அவற்றில் மூன்று கடைசி நான்கு போட்டிகளில் வந்தவை. 1978 பிப்ரவரியில் லியான் ஸ்பிங்க்ஸிடம் தோற்று, செப்டம்பரில் அவரையே வென்று மூன்றாம் முறை பட்டம் பெற்றதை மட்டும் நான் பக்கத்தில் விட்டுவைத்தேன். ஹோம்ஸுக்குப் பிறகும், 1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்குடன் மோதித் தோற்ற பிறகே அவர் ஓய்ந்தார். எங்கள் பக்கத்தை மட்டும் படித்தவருக்கு, மூன்றாவது பட்டத்தோடு மனநிறைவாக விலகிய ஒருவருக்குப் பின்னாளில் எங்கிருந்தோ ஒரு நோய் வந்தது போலத்தான் தெரிந்திருக்கும். ஏழாண்டுகள் பட்டத்தை வைத்திருந்த ஹோம்ஸின் பெயர்கூட அதில் இல்லை.

அவரைச் சுற்றியிருந்த மேலாளர், ஏற்பாட்டாளர், உரிமம் கொடுத்த அதிகாரி என ஒவ்வொருவரிடமும் ஏற்கத்தக்கதாக ஒரு காரணம் இருந்திருக்கும், எனக்கு இருந்ததைப் போல. 35 ஆண்டுகள் கழித்து ஒரு பக்கத்தில் செய்த வெட்டை அவர்கள் செய்ததோடு சேர்ப்பது மிகை என்றே நினைக்கிறேன். என் வெட்டால் யாரும் ஒரு குத்துகூட வாங்கவில்லை. ஆனால் வட சென்னையில் இன்றும் பிள்ளைகள் கையுறை மாட்டுகிறார்கள், அவர்களின் வீடுகளுக்கும் எங்கள் நாளிதழ் போகிறது என்று அந்தச் செய்தியாளர் பிறகொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்படியொரு பக்கம் மறுபடி என் மேஜைக்கு வந்தால் படத்தைச் சிறிதாக்குவேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். உடனே ஆம் என்று சொல்ல இன்னும் வரவில்லை.