அக்கி ஆறியது, வலி ஆறவில்லை

வலது விலாவில் பட்டையாக வந்த அக்கிக் கொப்புளங்கள் காய்ந்து, பொருக்கும் உதிர்ந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு விஷயம் அதோடு முடிந்தது. எனக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது.

உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் தாங்கலாம். லேசாகப் பட்டால்தான் உயிர் போகும். சட்டை உரசல், மின்விசிறிக் காற்று, துண்டின் ஓரம், எதுவானாலும் தணலை வைத்தது போல எரியும். "மேலே ஒண்ணுமே இல்லையே" என்பாள் மனைவி. உண்மைதான், லேசான தழும்பு மட்டும் இருந்தது. சட்டை போட முடியாததால் கல்யாணம், கோயில் எல்லாம் நின்றன. ராத்திரி புரண்டால் விழிப்பு. தூக்கம் கெட்டதில் பேரன் ஓடிவந்து கட்டிக்கொண்டால்கூட எரிந்து விழுந்தேன்.

நரம்பு மருத்துவர் விளக்கினார். சிறு வயதில் வந்த சின்னம்மைக் கிருமி முதுகுத்தண்டு ஓரத்து நரம்பு முடிச்சில் பதுங்கியிருக்குமாம். வயதாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது நரம்பு வழியே தோலுக்கு வந்து, அந்த நரம்பையும் கெடுத்துவிடுகிறது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அந்தக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். நானும் நேரத்தில்தான் சாப்பிட்டேன். போதாததற்கு அக்கா குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி பூசி அக்கியும் எழுதவைத்தாள். இரண்டையும் மீறி வலி தங்கிவிட்டது.

"பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?" என்றார். எட்டு என்றேன். "சரி, வலியால் எதையெல்லாம் விட்டீர்கள்?" என்று அடுத்துக் கேட்டார் பாருங்கள், அதுதான் கேள்வி. சட்டை, தூக்கம், பேரன் என்று சொல்ல ஆரம்பித்ததும் எழுதிக்கொண்டார். வலி முழுசாகப் போகும் என்று சொல்லவில்லை. பாதி குறைந்தாலே நல்ல பலன், முதலில் தூக்கத்தை மீட்போம் என்றார்.

பாராசிட்டமால் இதற்குப் பிரயோஜனப்படவே இல்லை. ராத்திரிக்கு நரம்பு வலியைத் தணிக்கும் மாத்திரைகள்: பிரிகாபலின் 75 மில்லிகிராம், கூடவே அமிட்ரிப்டிலின் 10. காலையில் தலை கிறுகிறுக்கும், வாய் வறளும், மலச்சிக்கல் வேறு. கொஞ்ச நாள் வண்டியை எடுக்கவில்லை. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆனது. இங்கேதான் பலர் வெறுத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். தோலை மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் மருந்துப் பட்டையும் ஒட்டினேன். புண் முழுதாக ஆறிய தோலில்தான் ஒட்டலாம். 12 மணி நேரம் வைத்து, அடுத்த 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். விலை கடிக்கும்.

பைசா செலவில்லாமல் உதவியது ஒன்று: தொளதொள சட்டைக்கு உள்ளே உடம்போடு ஒட்டிய மெல்லிய பருத்தி பனியன். துணி அசையாததால் உரசல் இல்லை.

இப்போது விடியும்வரை தூங்குகிறேன். எண் எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கிவிட்டது. ஆனால் மருத்துவர் முதலில் கேட்பது சட்டையையும் பேரனையும்தான். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதால் படிப்படியாகக் குறைக்கிறோம். 50 வயது தாண்டியவர்களுக்கான அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு தவணை. ஆயிரக்கணக்கில் ஆகும், இருந்தாலும் மருத்துவரைக் கேட்டு மனைவிக்கு முதல் தவணை போட்டாயிற்று.