48 பூட்டிகள்

பனிவண்டி இழுக்கும் ஸ்லெட் நாய்களுக்கு ஓடக் கற்றுத்தர வேண்டியதே இல்லை. சேணத்தைக் கையில் எடுத்தாலே கொட்டில் முழுக்கக் கூச்சல்தான். கட்டி முடிப்பதற்குள் பனிவண்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்போல எகிறிக் குதிக்கும். முடிச்சை அவிழ்த்த மறுநொடி அத்தனை சத்தமும் அடங்கிவிடும்.

அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் பக்கம் ஒரு கென்னலில், அதாவது நாய்ப் பண்ணையில், நாய்களைப் பராமரிக்கும் ஹேண்ட்லராக இருந்தேன். இரண்டு குளிர்காலம் எச்சம் அள்ளி, தீனி கலக்கி, வைக்கோல் மாற்றிய பிறகு, உரிமையாளர் அம்மா 12 நாய்களை என் பொறுப்பில் விட்டார். ஜனவரியில் நடக்கும் காப்பர் பேசின் 300 என்ற நாய் வண்டிப் பந்தயத்துக்கு நீயே தயார் செய், நீயே ஓட்டு என்றார். பெயரில் இருக்கும் 300 மைல் கணக்கு. கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர்.

ஆகஸ்ட் கடைசியில் 3 மைலில் ஆரம்பித்தோம். அப்போது பனி கிடையாது. ஏடிவி என்ற நாலு சக்கரக் காட்டு வண்டிக்கு முன்னால் நாய்களைக் கட்டி, எஞ்சினை கியரிலேயே வைத்து, வேகம் ஏறாமல் இழுக்கவிட வேண்டும். மூச்சும் தசையும் சீக்கிரம் தயாராகிவிடும். மூட்டுக்கும் தசைநாருக்கும்தான் மாதக்கணக்கில் நேரம் வேண்டும். விடியற்காலையில் மட்டும்தான் ஓட்டம். பத்து டிகிரி தாண்டினால் அன்றைக்கு விடுமுறை. மைனஸ் 20-இல் சுகமாக ஓடுகிற உடம்பு வெப்பத்தைத் தாங்காது.

முன்வரிசை லீடராக சேஜ். ஆறு வயதுப் பெண் நாய், 21 கிலோதான் இருப்பாள். 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது. நான் சொல்லி முடிப்பதற்குள் திரும்பிவிடுவாள். பக்கத்தில் கற்றுக்கொள்வதற்காக பேசில் என்ற இளசு. வண்டியை ஒட்டிய வீல் இடத்தில் பெப்பரும் அவன் அண்ணனும். வளைவில் வண்டி மரத்தில் மோதாமல் இழுத்துப் பிடிப்பது அவர்கள் வேலை. பலமும் வேண்டும், வண்டி பின்னால் இடித்தாலும் பதறாத மனசும் வேண்டும்.

நவம்பரில் நான் ஒரு தப்பு செய்தேன். அன்று திடீரென்று குளிர் விட்டு மைனஸ் 2-க்கு வந்திருந்தது. எல்லாரும் நன்றாக இழுக்கிறார்களே என்று, திட்டமிட்ட 30 மைலை 40 ஆக்கினேன். முப்பத்தைந்தாவது மைலில் பெப்பரின் இழுகயிறு தொய்ந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தான், இழுக்கவில்லை. நிறுத்தி உறைந்த சால்மன் துண்டைக் கொடுத்தேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று பழைய இடத்துக்குப் போக வேண்டும். அது மெதுவாக இறங்கியது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. அவனை வண்டிப் பைக்குள் படுக்கவைத்து வீட்டுக்கு வந்தேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "அவன் சாப்பிட மறுத்த இடத்தில் நீ நிறுத்தினாய். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்த வேண்டும்" என்றார். இரண்டு நாளில் பெப்பர் தேறிவிட்டான். எனக்கு அந்தச் சொல்லை மறக்க முடியவில்லை.

அதனால் டிசம்பர் முழுக்க ஓய்வெடுப்பதையே பழகினோம். 40, 50 மைல் ஓடுவது, காட்டில் வைக்கோல் விரித்து ஐந்து மணி நேரம் படுப்பது, மறுபடி அதே தூரம். டிசம்பர் பிற்பாதியில் ஃபேர்பேங்க்ஸில் பகல் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு, ஆகவே எல்லாம் தலைவிளக்கு வெளிச்சத்தில்தான். நின்றதும் முதலில் அடுப்பை மூட்டிப் பனியை உருக்க வேண்டும். வெறும் தண்ணீரை அவை சட்டை செய்யாது. இறைச்சித் துண்டும் கொழுப்பும் கலந்து கொடுத்தால்தான் குடிக்கும். நீண்ட பந்தயத்தில் ஒரு நாய்க்கு நாளுக்குச் சுமார் 10,000 கலோரி தேவைப்படும். ஆரம்பத்தில் பேசில் படுக்கவே மாட்டான், நின்றுகொண்டே ஊளையிடுவான். நான்காவது முகாமில் சேஜ் சுருண்டு படுத்ததைப் பார்த்து, அவனும் மூன்று சுற்றுச் சுற்றி வாலால் மூக்கை மூடிக்கொண்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் பாதம். 12 நாய்களுக்கு 48 பூட்டிகள். துணியால் தைத்த காலுறை, மேலே ஒரு வெல்க்ரோ பட்டை. விரலிடுக்கில் பனி உருண்டு புண்ணாக்காமல் இருக்க இதுதான் காவல். கையுறையோடு மாட்ட வராது. பட்டை தளர்ந்தால் அரை மைலில் கழன்றுவிடும், இறுகினால் மணிக்கட்டு வீங்கும். என் விரல் நுனிக்குத்தான் அந்த அளவு தெரியும். மைனஸ் 35-இல் நான்கு நாய்க்கு மாட்டுவதற்குள் விரல் மரத்துவிடும். நாயின் அக்குளில் கையை வைத்துச் சூடாக்கிக்கொண்டு அடுத்த நாய்க்குப் போவேன். கழற்றும்போது ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்துப் பார்த்து மருந்து தடவ வேண்டும். இதில் மட்டும் சோம்பலே கூடாது என்று சொல்வேன்.

பந்தயத்தன்று கணக்குப் பார்த்தால் 1,200 மைல் பயிற்சி ஆகியிருந்தது. முதல் இரண்டு கட்டம் சிக்கலில்லை. ஓரிடத்தில் பனிக்கட்டியின் மேல் தண்ணீர் ஏறி ஓடியது, தாண்டியதும் எல்லாப் பூட்டிகளையும் மாற்றினேன். அடுத்த செக்பாயிண்டில் பெப்பரின் இடது மணிக்கட்டைத் தொட்டேன். லேசான சூடு. நொண்டவில்லை, வயிறாரச் சாப்பிட்டான், கால்நடை மருத்துவரும் "உங்கள் விருப்பம்" என்றார். விட்டுவிட்டுப் போனால் அவனுக்குப் பதில் வேறு நாய் சேர்க்க விதி இல்லை, மலைப்பகுதி முன்னால் இருந்தது. அவனை மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டு 11 நாய்களோடு கிளம்பினேன். பின்னால் அவன் குரைத்தது ரொம்ப தூரம் கேட்டது.

எல்லையைத் தொட்டபோது விடியவில்லை. அந்த அம்மா காத்திருந்தார். நேரத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், முழங்காலிட்டு சேஜிலிருந்து வரிசையாக ஒவ்வொரு மணிக்கட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி நாய்வரை பார்த்துவிட்டு, "சரி, சாப்பாடு கொடு" என்றார்.