ஜாடி மாற்றிய நான்கு மாதங்கள்

மருத்துவ பி.ஜி. முதல் வருடத்தில், எங்கள் பேத்தாலஜி (நோயியல்) மியூசியத்தில் மஞ்சளாகிக் கிடந்த 38 ஸ்பெசிமன்களை, அதாவது நோயுற்ற உறுப்புத் துண்டுகளை, புது ஜாடிக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. மூடியைத் திறந்தாலே, துண்டு கெடாமல் காக்கும் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். டெக்னீஷியன் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "திறக்கறதுக்கு முன்னாடி நம்பரை எழுதி நூல்ல கட்டிடுங்க மேடம். மாறிப்போச்சுன்னா அப்புறம் அது வெறும் சதைதான்."

பழைய திரவத்தை வடித்து, துண்டை இரவு முழுக்கக் குழாய்த் தண்ணீரில் அலச வேண்டும். அப்புறம் ஜெர்மானியரான கைசர்லிங் 1890களில் கொண்டுவந்த முறைதான். 80 சதவீத ஆல்கஹாலில் கொஞ்ச நேரம், பிறகு கிளிசரினும் பொட்டாசியம் அசிடேட்டும் கலந்த திரவம். புதுத் துண்டாக இருந்தால் ஆல்கஹாலிலேயே நிறம் திரும்புவது கண்ணுக்குத் தெரியும். பழையதற்கு அது போதாது. அதனால் நிறம் திரும்ப, மூடும் முன் துளி சோடியம் ஹைட்ரோசல்பைட் சேர்த்தோம்.

அவசரத்தில் முதல் ஆறு துண்டுகளை ஒரு மணி நேரம்தான் அலசினேன். ஒரே வாரத்தில் திரவம் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. குளோரோஃபார்ம் வைத்து ஒட்டிய பெர்ஸ்பெக்ஸை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) அறுத்துத் திறந்து, ஆறையும் திரும்பச் செய்தேன். அடுத்தவற்றில் மூடியில் சின்ன ஓட்டை விட்டு, காற்றுக்குமிழி போகும்வரை சாய்த்துச் சாய்த்து நிரப்பி, ஒரு வாரம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடைத்தோம்.

இரண்டு சிறுகுடல் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. டைபாய்டு புண் குடலின் நீளவாக்கில் இருக்கும், அது வரும் பேயர் திட்டுகள் (குடல் சுவரிலுள்ள நிணநீர்த் திசு) அப்படித்தான் படுத்திருக்கின்றன. காசநோய்ப் புண் நிணநீர்க் குழாய்களின் வழியே குடலைச் சுற்றி, ஒட்டியாணம் மாதிரி ஓடும். பாடப்புத்தகத்தில் பத்து தடவை படித்து மறந்தது இது. விரலால் ஜாடியில் கோடு போட்டுக் காட்டினால் மாணவர்கள் மறப்பதில்லை. ஆன்டிபயாடிக் வந்த பிறகு அந்த நிலைக்குப் போன டைபாய்டு குடல் அபூர்வமாகத்தான் கைக்கு வருகிறது. உடைந்தால் இன்னொன்று எளிதில் கிடைக்காது.

லேபிளில் பெயர் கிடையாது. நம்பர், வயது, பால், நோய்க்குறிப்பு, அவ்வளவுதான். மூன்று ஜாடிகளுக்குப் பழைய ரிஜிஸ்டரில் ஒன்றுமே கிடைக்கவில்லை. அது இன்னமும் உறுத்துகிறது. ருமாட்டிக் காய்ச்சலில் மீன்வாய் போலச் சுருங்கிய, இதயத்தின் மைட்ரல் வால்வுக்கு மட்டும் ஒரு வரி இருந்தது: "பெண், 19. மூச்சுத்திணறல்." அதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அந்த ஜாடி முன் வந்து நிற்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே வயது. முதலில் வயதைத்தான் படிக்கிறார்கள், அப்புறம்தான் வால்வைப் பார்க்கிறார்கள்.