சாட்டர்டே பிரஸ்: தேதியும் பக்கமும் பெயரும்

பிப்ரவரி 3
நியூயார்க்கில் ஹென்றி கிளாப் நடத்திய இந்த இலக்கிய வார இதழுக்கு இரண்டு பிறவி. முதலாவது 1858 அக்டோபர் 23 முதல் 1860 டிசம்பர் வரை. அடுத்தது 1865 ஆகஸ்ட் 5 முதல் 1866 ஜூன் வரை. நடுவில் உள்நாட்டுப் போர். 1862, 1863 என்று ஆண்டு போட்டு யாராவது இதிலிருந்து மேற்கோள் தந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். தேதி சனிக்கிழமையில் விழாவிட்டாலும் எங்கோ பிழை.

பிப்ரவரி 5
மார்க் ட்வைனின் தவளைக் கதை: தொகுதி 4, பக்கம் 248–249. பக்க எண் மட்டும் கையில் இருந்தால் தேதியைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். நான்காம் தொகுதியில் இதழுக்கு 16 பக்கம். எண் வாரந்தோறும் தொடர்ந்து ஓடும். 248ஐ 16ஆல் வகுத்தால் 15.5. அதாவது 15 இதழ் முடிந்து 16ஆவது நடக்கிறது. ஆகஸ்ட் 5உடன் 15 வாரம் சேர்த்தால் 1865 நவம்பர் 18. சரியான தேதி அதுதான். மீதியில்லாமல் வகுபட்டால் அந்த இதழின் கடைசிப் பக்கம் என்று பொருள், ஒன்று கூட்டிவிடக் கூடாது. அந்த வார இதழ் 241இலிருந்து 256 வரை. கதை நட்டநடு இரண்டு பக்கங்களில்.

பிப்ரவரி 6
கதையைத் தேடும்போது பிந்திய தலைப்பில் வரும் 'கலவராஸ்' என்ற சொல்லைத் தட்டினால் கிடைக்காது. இங்கே தலைப்பு 'ஜிம் ஸ்மைலியும் அவனுடைய குதிக்கும் தவளையும்'. நகைச்சுவை எழுத்தாளர் ஆர்ட்டிமஸ் வார்டின் புத்தகத்துக்காக எழுதியது தாமதமாக வந்து சேர, பதிப்பாளர் கார்ல்டன் அதைக் கிளாப்பிடம் கொடுத்துவிட்டார். அதனால் வார்டுக்கு எழுதிய கடிதமாகவே தொடங்குகிறது. சுரங்க ஊரின் பெயர் பூமராங்; ஏஞ்சல்ஸ் என்பது பிந்திய பதிப்புகளில் வந்தது. டிசம்பர் 16 'கலிஃபோர்னியன்' இதழில் ஸ்மைலியே கிரீலி ஆகிவிடுகிறான். எந்தப் பாடம் (எந்த இதழில் அல்லது பதிப்பில் வந்த வடிவம்) என்று சொல்லாமல் இந்தக் கதையை மேற்கோள் காட்டுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

பிப்ரவரி 9
அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதையிலும் இதே சிக்கல். 1859 டிசம்பர் 24 இதழில் 'ஒரு குழந்தையின் நினைவு'. 1860 புத்தகத்தில் 'கடலிலிருந்து ஒரு சொல்'. இன்று எல்லோரும் அறிந்த 'ஓயாது ஆடும் தொட்டிலிலிருந்து' 1871இல்தான் வந்தது. சின்சினாட்டி நாளேடு ஒன்று கவிதையைக் கிழித்தெறிந்தது. 1860 ஜனவரி 7 இதழில் அதற்குப் பதில் வந்தது, கையெழுத்தில்லாமல். எழுதியவர் விட்மனேதான்! ஆகவே கையெழுத்தில்லாத பாராட்டை ஆசிரியர் கருத்து என்று உடனே பதிந்துகொள்ளக் கூடாது.

பிப்ரவரி 10
கையெழுத்து இருந்தாலும் நம்பிவிட முடியாது. 1860 ஜூன் 2 இதழில் விட்மனின் 'புல்லின் இதழ்கள்' கவிதை நூலைக் கடுமையாகச் சாடும் மதிப்புரை ஜூலியட் பீச் பெயரில் வந்தது. எழுதியவர் அவர் கணவர். ஜூன் 9 இதழில் திருத்தம் இருக்கிறது. ஒரு மதிப்புரையை எடுத்தால் அடுத்த இரண்டு மூன்று வார இதழ்களையும் புரட்டிவிடுவது நல்லது. விட்மனுக்காக அத்தனை பாடுபட்ட கிளாப், அவரைத் தாக்கியதையும் அச்சிட்டார். இந்த இதழ்மேல் எனக்குள்ள மதிப்பெல்லாம் அதனால்தான்.

பிப்ரவரி 12
பணம். 1860இல் நூறு டாலருக்காக விட்மனுக்கே கிளாப் கடிதம் எழுத வேண்டிய நிலை. விட்மனின் பாஸ்டன் பதிப்பாளர்களான தேயர் அண்ட் எல்ட்ரிஜின் விளம்பரம் ஒரு தாங்கலாக இருந்தது. அவர்களும் அந்தக் குளிர்காலத்தில் நொடித்துப்போனார்கள். 1865இல் மீண்டும் வந்தபோது கிளாப் அறிவித்தது: பணமில்லாததால் 1860இல் நின்றது, அதே காரணத்தால் இப்போது தொடங்குகிறது. பத்தே மாதம் ஓடியது.