நேட்டால் போன முன்னோருக்குத் திருவொற்றியூரில் தர்ப்பணம்: சிக்கல் வந்த இடங்கள்

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனிலிருந்து வந்த சொந்தங்களுக்கு இந்த மகாளய அமாவாசையில் ஒருவழியாகத் தர்ப்பணம் முடிந்தது. ஐயரைப் பிடிப்பதும் எள், தர்ப்பை, பச்சரிசி வாங்குவதும் ஒரு பொழுது வேலை. இழுத்தடித்தது பேரும் ஊரும்தான்.

முதலில் எண்ணைக் கேளுங்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலியாக நேட்டால் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு காலனி எண், அதாவது அங்கே பதிவில் கொடுத்த எண், உண்டு. அது இல்லாமல் முனுசாமி என்று தேடினால் பக்கம் பக்கமாக முனுசாமிகள்தான் வருவார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பு, கல்யாணப் பதிவுகளிலும் பெற்றவர்களின் எண் இருக்கும். விமானம் ஏறும் முன்பே அந்தக் காகிதங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள். இங்கே வந்து இறங்கிய பிறகு "வீட்டுப் பெட்டியில் இருக்கு" என்றால் ஒன்றும் செய்ய முடியாது. எங்களுக்கு வந்த படத்தில் கடைசி இலக்கம் அழிந்திருந்தது. அதே கப்பலில் இரண்டு முனுசாமி. கப்பலில் போனவர்களின் பட்டியலில் இருந்த தகப்பன் பேர்தான் பிரித்துக் கொடுத்தது.

இப்போதைய குடும்பப் பேரை நம்பவே வேண்டாம். இங்கே கவுண்டர் என்றால் அங்கே கோவெண்டர், முதலியார் என்றால் மூட்லி. பல வீடுகளில் போனவரின் சொந்தப் பேரே குடும்பப் பேராக நின்றுவிட்டது.

ஒரு நாள் பாழானது ஊர் விஷயத்தில். பட்டியலில் ஜில்லா செங்கல்பட்டு, தாலுகா பொன்னேரி. பக்கம்தானே என்று கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறிப் போனேன். பட்டியலில் இருந்த ஊர்ப் பேரில் அங்கே கிராமமே கிடையாது. 1960 எல்லை மாற்றத்தில் திருத்தணி நம் பக்கம் வந்தபோது, பழைய பொன்னேரி தாலுகாவின் ஒரு பகுதி சத்தியவேட்டோடு ஆந்திராவுக்குப் போய்விட்டது. நாங்கள் தேடிய ஊரும் அதில்தான். வட ஆற்காடு என்று இருந்தாலும் இதே எச்சரிக்கை: 1911-இல் பிரிந்த சித்தூர் மாவட்டத்தையும் சேர்த்துத் தேடுங்கள். இடையில் ஒரு அலுவலகத்தில் பட்டா எண் இல்லாமல் வாயே திறக்கவில்லை. நிலம் இருந்திருந்தால் அந்த மனுஷன் ஏன் கப்பல் ஏறப் போகிறார்? ஊருக்குப் போனால் ஆளை விசாரிக்காமல் குலதெய்வத்தின் பேரைச் சொல்லி விசாரியுங்கள். பேச்சு சீக்கிரம் நகரும்.

சென்னைத் துறைமுகத்துக்குள் போய்க் கப்பல் ஏறிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். முதல் கப்பல் டர்பனில் சேர்ந்த 1860-இல் இங்கே துறைமுகமே கிடையாது. மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் ஏற வேண்டும். அதனால் வெளியே கடலைக் காட்டினாலே போதும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையில் பெரும்பாலும் கொட்டிய பாறைதான். பாசி வழுக்கும். வயசானவர்களை இறக்காமல் வாளியில் மொண்டு வந்து தலையில் தெளியுங்கள். அப்பா உயிரோடு இருப்பவர் தர்ப்பணத்துக்கு உட்காரக் கூடாது. வந்த பிறகு இது தெரிந்தால் ஆள் மாற்ற வேண்டியிருக்கும்.

பலர் கோட்டை விடுவது ஒன்று உண்டு. தர்ப்பணத்தில் பேர் சொல்வது மூன்று தலைமுறைக்குத்தான். முதலில் கப்பல் ஏறியவர் பெரும்பாலும் அதற்கும் மேலே இருப்பார். யாருக்காக இவ்வளவு அலைந்தோமோ அவர் பேரே வராமல் போய்விடும். மகாளயத்தில் காருண்ய பித்ருக்கள் என்று, அந்த மூன்று தலைமுறைக்கு வெளியே உள்ளவர்களுக்குத் தனியாக வரும். அங்கே அவர் பேரைச் சேர்க்க முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோத்திரம் தெரியாவிட்டால் சிவகோத்திரம் என்று சொல்வார்கள். பேர்களைத் தமிழில் பெரிசாக எழுதிக் கொடுங்கள், "முனியன்" ஆங்கிலத்தில் இருந்தால் என்னவோ ஆகிவிடும்.

பட்டியலில் பெண்களுக்கும் தனி எண், தனி வரி உண்டு. மனைவியின் வரியைப் பார்க்காமல் பட்டியலை மூடாதீர்கள். டர்பனில் ஒருவருக்கும் தெரியாத பாட்டியின் பேரும் அவர் தகப்பன் பேரும் எங்களுக்கு அங்கேதான் கிடைத்தன. ஐயர் இரண்டையும் சொன்னார்.