புது ஊர்க் களைப்பு என்று நினைத்திருந்தேன்

நாடு மாறி வந்த முதல் வருடத்தில் எந்தக் களைப்புக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். ஷிப்ட் வேலை, பிடிபடாத மொழி, அரைகுறைத் தூக்கம். எனக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. இரவில் கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னத் தோன்றிக்கொண்டே இருந்தது. பழகினால் சரியாகிவிடும் என்றுதான் இருந்தேன்.

வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 91 என்று வந்தது. 12, 13 என்றே கேட்டுப் பழகியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதுகிறார்கள். நமக்குப் பழக்கமான டெசிலிட்டர் கணக்கில் அது 9.1. உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 இருந்தது. 15க்குக் கீழே போனாலே கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

மூன்று மாதம் இரும்பு மாத்திரை போட்டேன். வயிற்று உப்புசம் கூடியதுதான் மிச்சம். "மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டபோது பதில் சொல்ல மொழி வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை ஒரே ஒரு கேள்வியை அவர்கள் மொழியில் தாளில் எழுதிக்கொண்டு போனேன்: தவறாமல் போட்டும் ஏன் ஏறவில்லை? சிறு வயதிலிருந்தே வயிற்றுத் தொல்லை உண்டு என்பதையும் சேர்த்து எழுதியிருந்தேன். அதை ஒரு நோயாக நினைக்காததால் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை, எண்டோஸ்கோப்பி, சிறுகுடலிலிருந்து திசு எடுத்துப் பார்த்தல். சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, உடம்பின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகளைத் தேய்த்துவிடுகிறது. அதிகம் தேய்வது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. இரும்பு உடம்புக்குள் போகும் வழியும் அதுதான். வாசல் அடைபட்டிருக்கும்போது எத்தனை மாத்திரை போட்டு என்ன?

அதனால் குடலை விட்டுவிட்டு இரும்பை நேராக ரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்து, 1000 மில்லிகிராம். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் இன்னும் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஊசி போட்ட இடத்தில் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே சொல்லச் சொன்னார் நர்ஸ். மருந்து வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை தங்கிவிடுமாம். மொழி வராவிட்டாலும் பரவாயில்லை, கையைக் காட்டுங்கள் என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதிப் பயம் போனது.

மறுநாளே தெம்பு வந்துவிடவில்லை. மூன்றாவது வாரம்தான் படியில் நிற்காமல் ஏறினேன். ஏற்றிய உடனே பார்த்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்று எட்டு வாரம் கழித்தே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கையிருப்பு நிரம்பியிருந்தது. ஆனால் குளூட்டனை முழுவதும் விட்டால்தான் குடல் ஆறும். அதற்கு மாதங்கள், சிலருக்கு வருடங்களே ஆகும். ஆறாவிட்டால் ஏற்றிய இரும்பும் மெல்லத் தீர்ந்துவிடும்.

உடன்பிறந்தவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு கூடுதல் என்றதும் தங்கைக்கு போன் செய்தேன். "இன்னைக்கே கோதுமையை விட்டுடட்டுமா அக்கா?" என்றாள். வேண்டாம், நிறுத்திவிட்டால் சோதனையில் தெரியாமல் போகலாம், முதலில் ரத்தம் கொடு என்றேன். அடுத்த வாரம் போகிறாள்.