கூழைக்கடா நாற்பது

8 ஜனவரி 2024, திங்கள்

நேற்று தாத்தாவுக்குக் கருமாதி முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு: வைகுண்ட ஏகாதசியன்று போனாரே, கொடுத்து வைத்தவர், சொர்க்கவாசல் திறந்திருந்திருக்கும். அவர் கோயில் பக்கம் ஒதுங்கியதே குறைவு. சொர்க்கவாசலோ பீரோ கதவோ, எதுவானாலும் திறந்திருந்தால் அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மூடிய இடம் அவருக்கு ஆகாது. நவம்பரில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் ஏசி வார்டில் கிடந்தார். ஜன்னல் முழுக்கக் கண்ணாடி, கைப்பிடியே கிடையாது. "தொறடா அத்த" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். திறக்காது என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகும், யாரோ சாவியை ஒளித்து வைத்திருக்கிற மாதிரி எங்களை முறைத்தார். மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்த புதிதில் கூட்டிக்கொண்டு போனேன். மேலிருந்து கடல் கீற்றாகத் தெரிந்ததும் குழந்தை மாதிரி எழுந்து நின்றுவிட்டார். இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "காத்து வராத ரயிலு இன்னா ரயிலு?"

நாற்பது வருஷம் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து, ரயில் பெட்டியின் ஜன்னல் ஷட்டர்களை ஏற்றி இறக்கிச் சரிபார்த்த மனிதர் கேட்கிற கேள்வி அது. பதில் சொல்ல முடியவில்லை.

10 ஜனவரி, புதன்

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் நாங்கள் இருந்தது லைன் வீடு. பத்துக்குப் பத்து அறை, அதில் எட்டுப் பேர். சமையலும் அதற்குள்தான், அத்தையின் பிரசவமும் அதற்குள்தான். வேலை இல்லாத நாளில் தாத்தா விடியுமுன்னே சைக்கிளை எடுத்துவிடுவார். பொறுப்பில்லாத மனுஷன் என்று ஆயா திட்டும். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. ஆற்று முகத்துவாரமும் கால்வாய்க்கரையும்தான் அவர் தனியாக உட்கார முடிந்த இடம். "ஊட்ல ஹால் இல்ல கண்ணு, வெளியதான் நம்ம ஹாலு" என்பார்.

அவர் மலையைத் தேடிப் போனதில்லை, காட்டைத் தேடிப் போனதில்லை. ஒருமுறை குடும்பத்தோடு ஏற்காடு போனபோது ரூமுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் போனதெல்லாம் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போகிற இடங்கள்: பக்கிங்காம் கால்வாய், எண்ணூர் கழிமுகம், தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்த உப்பளம். கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய தோணியை ஆட்கள் கரையில் நடந்தபடியே கயிறு கட்டி இழுத்துப் போனதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது தோளில் கயிறு கிடப்பது போலக் கொஞ்சம் குனிவார்.

11 ஜனவரி

காற்றை வாசனையில் சொல்வார். இதை மறந்துவிடுவேனோ என்று பயம், அதனால் குறித்து வைக்கிறேன். உப்பு வாசம் என்றால் கிழக்கே கடலிலிருந்து வருகிறது. கருவாடு வாசம் என்றால் தெற்கே காசிமேட்டுப் பக்கம். கேஸ் நாற்றம் என்றால் மேற்கு, மணலி. வடக்கிலிருந்து வருவது வாடை. அதற்கு வாசமே இல்லை, காதில் குளிரும் என்பார். படுக்கையில் விழுந்த பிறகும் மூக்கு மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. "இன்னிக்கு மணலி. துணிய உள்ள எடுங்கடி" என்று அறைக்குள்ளிருந்து குரல் வரும். சரியாகத்தான் இருக்கும்.

17 ஜனவரி, காணும் பொங்கல்

தெருவே காலி. எல்லோரும் மெரினாவுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் தீட்டு என்று பொங்கலே வைக்கவில்லை.

தாத்தாவுக்கு இந்த நாள் பிடிக்காது. "வருஷத்துல ஒருநாள் வெளிய வந்து, குப்பைய போட்டுட்டுப் போறவங்க." மெரினா என்றாலே ஒரு வழக்கு வைத்திருப்பார்: "அது நம்ம மணலுடி." விளையாட்டுப் பேச்சு என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, விஷயம் உண்மை. நம் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதம் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வரும். 1875இல் கடலுக்குள் சுவர் நீட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். சுவரில் முட்டிய மணல் தெற்கே தங்கி மெரினா அகலமானது, வடக்கே வரவேண்டியது வரவில்லை. கடல் எங்கள் பக்கத்தைத் தின்ன ஆரம்பித்தது. தாத்தா கபடி ஆடிய மணல் இன்றைக்குத் தண்ணீருக்குள் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையோரம் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கல்லின் மேல் நின்று கடலுக்குள் கைநீட்டி, "அதோ, அங்கதான் ரெண்டாவது கோடு" என்று காட்டுவார்.

21 ஜனவரி, ஞாயிறு

இன்றைக்கு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பல்பொடி டப்பாவில் தூண்டில் முள், ஒரு உருண்டை தங்கூசி. டப்பாவில் இன்னும் இறால் தலை வாடை போகவில்லை.

எனக்கு ஒன்பது வயதில் எண்ணூருக்குக் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. பொம்பளப் புள்ளையை வெயிலில் கூட்டிப்போய்க் கருக்க வைக்காதே என்று ஆயா சத்தம் போட்டது. தூக்கில் கேழ்வரகுக் கூழ், காகிதத்தில் மடித்த சுட்ட கருவாடு. சேற்றில் இறங்காதே என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இறங்கி, புது ஸ்கூல் ஷூ ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது. கையை விட்டுத் தேடினார், கிடைக்கவில்லை. அவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. மிச்சமிருந்த ஒற்றை ஷூவைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டார்.

அன்றைக்குத்தான் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பக்கத்தில் பார்த்தேன். கழுத்தளவு தண்ணீர். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே போகிறார்கள். இறால் கையில் பட்டதும் முகத்தைத் திருப்பாமல் பறிக்குள் போடுகிறார்கள். வாய் திறக்க முடியாது, அதனால் பேச்சே இல்லை. பின்னால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி. முன்னால் கூழைக்கடாக் கூட்டம்.

பறவையை எண்ணவும் அன்றைக்குத்தான் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொன்றாக எண்ணாதே, பறந்துவிடும். முதலில் பத்தை மட்டும் எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொள். அப்புறம் அதே அளவு எத்தனை என்று பார்.

பெட்டிக்கு அடியில் கிளிப் போட்ட ஒரு கட்டு இருந்தது. தினசரி காலண்டர் தாள்கள். பின்பக்கத்தில் பென்சிலில் கணக்கு. "3.2.1991 பழவேற்காடு. பூநாரை 300 மேல். சைக்கிள் பஞ்சர், பொன்னேரி." பாதிக்கு மேல் இப்படித்தான். இடம், பறவை, எண்ணிக்கை, காற்று. மனிதர்கள் அபூர்வம். அத்தை பிறந்த நாளின் தாளில்கூட "உள்ளான் 60, பெண் குழந்தை" என்றிருக்கிறது. அந்த வரிசையில்தான்! அத்தை அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதது.

கட்டின் மேலே இருந்த தாள்தான் கடைசித் தாள். முன்பக்கம் கார்த்திகை 27, புதன்கிழமை, அதாவது டிசம்பர் 13. பின்பக்கம் எழுத்து கோணல் கோணலாக:

"எண்ணூர். கூழைக்கடா 40. கண்ணு சொன்னது. நான் பார்க்கல."

தாளை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை.

23 ஜனவரி

எழுதிவிடுவதே நல்லது.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர் கழிமுகத்தில் கலந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. பேப்பரில் ஒரு கூழைக்கடாவின் படம் வந்திருந்தது. சாம்பல் வெள்ளையாக இருக்கவேண்டிய உடம்பு தார் பூசியதுபோல் இருந்தது. அந்தப் பேப்பரை மடித்துத் தாத்தாவின் கட்டிலுக்கு அடியிலேயே செருகினேன். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தோம்.

"வெள்ளம் வடிஞ்சா மீனு சேரும், கூழைக்கடா வருமே. வந்துச்சா கண்ணு?"

"வந்திருக்கு தாத்தா. நிறைய."

"எத்தினி?"

"நாப்பது இருக்கும்."

"பத்து பத்தா எண்ணியா?"

எண்ணினேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் பென்சில் கேட்டார். எதற்கு என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

28 ஜனவரி, ஞாயிறு

அப்பாவும் நானும் காலையில் பைக்கில் எண்ணூர் போனோம். அப்பா மூன்று ஷிஃப்ட் வேலையிலேயே காலம் தள்ளியவர். தாத்தாவோடு இங்கே வந்ததே இல்லையாம். "எங்க உக்காருவாரு?" என்று கேட்டார். காட்டினேன். கல்லில் எண்ணெய் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். அலையாத்தித் தண்டுகளில் ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு, வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று அளந்து போட்டதுபோல். ஒருவர் வலை வீசி இழுத்தார். இரண்டு மடவை. மோந்து பார்த்தார், தண்ணீரில் வீசிவிட்டார்.

பத்து மணி வரை இருந்தோம். காது குளிர்ந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆயா கேட்டது: "பட்சியெல்லாம் இருந்துச்சா?"

"கூழைக்கடா ஒண்ணு இருந்துச்சு ஆயா."

"ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு, ஆயா உலையைப் பார்க்கப் போய்விட்டது.

காலண்டரில் இன்றைய தாளைக் கிழித்தேன். பெட்டியிலிருந்த அவருடைய பென்சில் முனை மழுங்கியிருந்தது, சீவவில்லை.

"28.1.2024 எண்ணூர். கூழைக்கடா 1. வாடை. நான் பார்த்தேன், அப்பாவும்."